வல்கன் கவுண்டியில் வீடு கட்ட: முதலில் நில எண்ணைப் படியுங்கள்

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், கால்கரிக்குத் தென்கிழக்கே ஒன்றரை மணி நேரத்துக்குள் கார் போய்ச் சேரும் தொலைவில் இருக்கிறது வல்கன் கவுண்டி என்ற உள்ளாட்சிப் பகுதி. கோதுமை, பார்லி, கனோலா விளையும் சமவெளி. சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கு வல்கன் ஊரின் விண்கலச் சிலையும், டிராவர்ஸ் நீர்த்தேக்கக் கரையில் உள்ள லிட்டில் போ பூங்காவும் ஒரு நாளைக்குப் போதும். நிலம் வாங்கி வீடோ பட்டறையோ கட்ட வருபவர்கள் முதலில் கற்க வேண்டியது நில எண்ணை.

பத்திரத்தில் 'என்டபிள்யூ 12-17-24 டபிள்யூ4' என்று இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். கடைசியிலிருந்து படியுங்கள். நாலாவது மெரிடியன் என்ற கோட்டுக்கு, அதாவது சஸ்காச்செவன் எல்லைக்கு, மேற்கே 24ஆவது ரேஞ்ச், அதாவது ஆறு மைல் அகலமான நெடுக்குப் பட்டை. அமெரிக்க எல்லையிலிருந்து வடக்கே 17ஆவது டவுன்ஷிப். அதில் 12ஆவது செக்‌ஷன். அந்தச் செக்‌ஷனின் வடமேற்குக் கால் பாகம். ஒரு டவுன்ஷிப் ஆறு மைலுக்கு ஆறு மைல். அதில் 36 செக்‌ஷன்கள், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். கால் பாகம் 160 ஏக்கர். ஊரில் இதைக் 'குவார்ட்டர்' என்பார்கள். செக்‌ஷன் எண்கள் தென்கிழக்கு மூலையில் தொடங்கி, வரிசைக்கு வரிசை திசை மாறி வளைந்து போகும். அதனால் 12, 1க்கு நேர் மேலே வரும். அங்கே 7 இருக்கும் என்று நினைத்து அடுத்தவர் நிலத்தில் போய் நிற்பவர்கள் உண்டு.

சாலைப் பெயர்களும் இதே கணக்குதான். வடக்கு-தெற்காக மைலுக்கொரு ரேஞ்ச் ரோடு, கிழக்கு-மேற்காக இரண்டு மைலுக்கொரு டவுன்ஷிப் ரோடு. மேலே சொன்ன நிலம் ரேஞ்ச் ரோடு 241ம் டவுன்ஷிப் ரோடு 172ம் சந்திக்கும் மூலையில் இருக்கும். ஒன்று கவனியுங்கள்: வரைபடத்தில் கோடு இருப்பதால் சாலை இருக்கிறது என்று பொருளில்லை. சில இடங்களில் சாலைக்கென விட்ட 66 அடி அகலம் வெறும் புல்லாகவே கிடக்கும். விலை பேசும் முன் காரில் போய் நிலத்து வாசல் வரை பாருங்கள். வீடு கட்டியதும் கவுண்டியிடம் கிராமப்புற முகவரி எண்ணும் பலகையும் கேட்டு வாங்கிவிடுங்கள். அவசர உதவிக்கு 911ஐ அழைத்தால் சொல்ல வேண்டியது அந்த முகவரி எண். அஞ்சல் பெட்டி எண்ணை வைத்து ஆம்புலன்ஸ் வராது.

எந்த அலுவலகம் என்பதிலும் தடுமாறுகிறார்கள். வல்கன் நகரம், சாம்பியன், லோமண்ட், மைலோ கிராமங்கள் கவுண்டிக்குள் இருந்தாலும் தனி நிர்வாகங்கள். மோஸ்லீ, பிரான்ட் போன்ற குக்கிராமங்களும் வயல்வெளியும்தான் கவுண்டி அலுவலகத்தின் கீழ் வரும்.

முதலில் டெவலப்மென்ட் பெர்மிட்: அந்த இடத்தில் அந்தக் கட்டடம் வரலாமா என்பதற்கு. அது கையில் வந்த பிறகே கட்டடம், மின்சாரம், கேஸ், பிளம்பிங், செப்டிக் என்று தனித்தனிப் பெர்மிட்டுகள். விண்ணப்பம் முழுமையாக இருந்தால் 40 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பது மாகாணச் சட்டம். 'முழுமை' என்ற இடத்தில்தான் நாள் ஓடும். பெரும்பாலும் விடுபடுவது, நிலத்தில் கைவிடப்பட்ட எண்ணெய் அல்லது எரிவாயுக் கிணறு இருக்கிறதா என்று காட்டும் வரைபடம். இருந்தால் கட்டடம் குறைந்தது 5 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். மண் தோண்டும் முன், புதைந்த குழாய்களை அடையாளமிடும் இலவசச் சேவையில் பதிவு செய்யுங்கள். இது எண்ணெய் நாடு, வயலுக்கடியில் குழாய் ஓடாத இடம் குறைவு.

தண்ணீர்தான் பெரிய கேள்வி. பழைய வீடு வாங்கினால் ஆழ்துளைக் கிணற்றின் ஆழமும் நிமிடத்துக்கு எவ்வளவு தண்ணீர் ஊறும் என்பதும் எழுதிய அறிக்கையைக் கேளுங்கள். தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். போதாத இடத்தில் தொட்டி புதைத்து லாரித் தண்ணீர் வாங்குவார்கள். செப்டிக் டேங்க் கிணற்றிலிருந்து 10 மீட்டராவது, கழிவுநீர் மண்ணில் இறங்கும் வயல் 15 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும்.

வேலைக்கு நாள் குறிக்கும்போது பனி உருகும் காலத்தைத் தவிருங்கள். அப்போது சாலையின் அடிமண் ஊறி இளகுவதால் லாரிகளின் அச்சுச் சுமைக்குக் கட்டுப்பாடு போடுவார்கள். கான்கிரீட் லாரியும் துளையிடும் வண்டியும் முழுப் பாரத்தோடு வர முடியாது. கட்டுப்பாடு நீங்கும் நாளைக் கவுண்டியில் கேட்டு, அதன் பிறகே ஒப்பந்தக்காரருக்குத் தேதி கொடுங்கள்.