திருவெறும்பூரைச் சுற்றி

போன தீபாவளிக்கு வந்திருந்த நாத்தனார் மகள், முறுக்குத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, "அத்தை, கையில நாலு லட்சம் இருக்கு. நிலத்துல போடலாம்னு பார்க்கிறேன். எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்டாள். அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்ததால் அன்றைக்குப் பாதிதான் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன். அவளுக்காக ஆரம்பித்தது, அவள் வயதில் இருக்கும் எல்லாருக்கும் உதவும் என்று நினைக்கிறேன்.

நான் திருச்சி பக்கம் திருவெறும்பூரில் ஒரு மெடிக்கல் கடையில் பார்மசிஸ்ட். 17 வருடமாக ஒரே கடை. வீட்டுக்காரர் பெல் ஆலைக்கு வேலை எடுத்துச் செய்யும் ஒரு பட்டறையில் ஃபிட்டர். இதுவரை நாங்கள் வாங்கியது மூன்று மனை, விற்றது ஒன்று. பெரிய கணக்கு இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் சீட்டு எடுத்து, நகை வைத்து, நாங்களே அலைந்து வாங்கியது.

2018-ல் திருச்சி ஜங்ஷன் பக்கம் ஒரு ஹோட்டல் ஹாலில் நில முதலீடு பற்றிக் கூட்டம் என்றார்கள். 1,500 ரூபாய் கட்டிப் போனேன். "ஆட்களைப் பிடியுங்கள், தொடர்புதான் முதல்" என்று மேடையில் சொன்னார்கள். அது சரிதான். நானும் நாற்பது பேரிடம் விசிட்டிங் கார்டு வாங்கி வந்தேன். ராத்திரி கட்டிலில் பரப்பிப் பார்த்தால், கோயம்புத்தூர், ஓசூர், சென்னை. எங்கள் பக்கத்து ஆள் ஒருவர்கூட இல்லை. நவல்பட்டில் ஒரு சர்வே நம்பரைப் பற்றிக் கேட்டால் இவர்களில் யாருக்குத் தெரியும்? தெரிந்தவர்கள் எல்லாரும் என் கடைக்கு மாத்திரை வாங்க வருகிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

மாதா மாதம் 5-ஆம் தேதி வாக்கில் அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை வாங்க ஓர் அண்ணன் வருவார். நிலம் பார்த்துக் கொடுப்பவர் என்று தெரியும், பேசியதில்லை. அடுத்த முறை வந்தபோது கேட்டேன். "வாங்குறீங்களா, சும்மா பார்க்கிறீங்களா?" என்றார். "இப்போதைக்குப் பார்க்கிறேன் அண்ணே, ஆறு மாசம் ஒண்ணும் வாங்க மாட்டேன்" என்று உள்ளதைச் சொன்னேன். அந்தப் பதில்தான் எங்களுக்குள் நம்பிக்கையை உண்டாக்கியது என்று பின்னால் ஒருநாள் அவரே சொன்னார். வாங்குகிற மாதிரி பேசி, வண்டியில் பத்து இடம் சுற்றிவிட்டு, போனை எடுக்காமல் விடுகிறவர்கள்தான் அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குப் பெரிய மனவருத்தம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் வீட்டுக்காரரும் அவர் பின்னாலேயே போனோம். நவல்பட்டு, துவாக்குடி, வாழவந்தான்கோட்டை, கூத்தைப்பார். திருவெறும்பூரை நடுவில் வைத்துச் சுற்றுவட்டாரம், அவ்வளவுதான் எங்கள் எல்லை. ஒரு நோட்டுப் போட்டேன். ஊர், சர்வே எண், ரோட்டு அகலம், சொன்ன விலை. கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவேன். அந்த மனை எப்போதாவது கைமாறினால், என்ன விலைக்கு முடிந்தது என்று கேட்டு அதை நிரப்புவேன். சதுர அடி 800 சொன்னது 650-க்கு முடியும். 700 சொன்னது மூன்று வருடமாகக் கிடக்கும். அந்தக் கடைசிக் கட்டத்தை நிரப்ப ஆள் பழக்கம் வேண்டும், வேறு வழியில்லை. பத்திரத்தில் எழுதும் விலையும் பேசிய விலையும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை என்று எல்லாருக்கும் தெரியும். (நாங்கள் பேசிய விலையைத்தான் எழுதுவோம். பின்னால் விற்கும்போது வரிக் கணக்குக்கு அதுதான் நல்லது, மனசுக்கும் நல்லது.)

முதல் மனை 2019 பிப்ரவரியில். டிடிசிபி (நகர் ஊரமைப்புத் துறை) அனுமதி வாங்கிய மனைப்பிரிவு, 1,200 சதுர அடி, அடி 600 ரூபாய். 7,20,000. நான் அதோடு கணக்கை முடித்துவிட்டேன். அப்போது முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 4 சதவீதம். மொத்தம் 79,200 ரூபாய் தனியாக எடுத்து வைத்திருக்க வேண்டும். பத்திரத்துக்கு நாலு நாள் முன்னால் என் வளையல்களை அடகு வைத்தேன். இப்போது பதிவுக்கட்டணம் 2 சதவீதம்தான், 2023 ஏப்ரலில் குறைத்தார்கள். கூடவே வழிகாட்டி மதிப்பை (பத்திரச் செலவைக் கணக்கிட அரசு வைக்கும் நில விலையை) ஏற்றிவிட்டார்கள், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மனை பார்க்கப் போகும் முன்பே பத்தில் ஒரு பங்கைச் செலவுக்கென்று ஒதுக்கிவிடு என்று அவளிடம் முதலில் சொன்னது இதைத்தான்.

அந்த மனையை 2024 பிப்ரவரியில் அடி 950-க்கு விற்றோம். கேட்பவர்களுக்கு 600-க்கு வாங்கி 950-க்கு விற்றது பெரிதாகத் தெரியும். பத்திரச் செலவு, இரண்டு பக்கமும் கமிஷன் எல்லாம் போக, 8,06,400 போட்டது 11,28,600 ஆக வந்தது. ஐந்து வருடத்துக்கு. வருடத்துக்கு ஏழு சதவீதம்கூட முழுசாக இல்லை, அதிலும் வரி தனி. வங்கியில் போட்டு மறந்திருந்தாலும் கிட்டத்தட்ட அவ்வளவு வந்திருக்கும். நான் இதை வருத்தப்பட்டுச் சொல்லவில்லை. "போட்டா டபுள்" என்று யாராவது சொன்னால், உட்கார்ந்து இந்தக் கூட்டல் கழித்தலைச் செய்து பார்க்க வேண்டும். எல்லாருக்கும் தெரிந்த மனையை எல்லாரும் சொல்லும் விலைக்கு வாங்கினால் இப்படித்தான் வரும். கூட ஏதாவது கிடைக்க வேண்டுமானால், மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது ஆட்களிடம்தான் இருக்கிறது.

யாரிடம்? இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2024 கடைசியில் அதே அண்ணன் ஓர் ஊர் நத்தம் மனையை (ஊர்க் குடியிருப்புக்கென்று ஒதுக்கிய நிலம்) காட்டினார். பட்டாவில் 0 ஹெக்டேர் 02.02 ஏர் என்று இருந்தது. ஒரு ஏருக்கு 2.47 சென்ட், ஆக 5 சென்ட். நல்ல ரோடு, மேட்டுப் பாங்கான இடம், ஓரத்தில் ஒரு வேப்பமரம். அப்பா அம்மா காலமாகி, இரண்டு அண்ணன் தம்பி பாகப்பிரிவினைப் பத்திரம் போட்டுப் பதிந்திருந்தார்கள். பட்டாவும் அவர்கள் பேரில். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தேன், ஒரு அடமானம்கூட இல்லை. அட்வான்ஸ் கொடுத்துவிடலாம் என்ற நிலை.

கொடுக்கும் முன் ஒரு வேலை செய்வேன். வார நாளில் ஒரு காலை, தனியாக, அந்த ஊருக்குப் போவேன். நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள் மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் நேரம். ஆண்கள் டீக்கடையில் சேகரிக்கும் சேதி வேறு, இங்கே கிடைக்கும் சேதி வேறு. எந்த வீட்டு வாசலில் மழைக்குத் தண்ணீர் நிற்கும், எந்தக் கிணறு கோடையில் வற்றும், எந்த வீட்டில் யாருக்கு யாரோடு பேச்சு இல்லை, எல்லாம் அவர்களுக்குத் தெரியும். அவர்களில் மூன்று நான்கு பேர் என் கடையில் சுகர் மாத்திரை வாங்குகிறவர்கள். "இங்க எங்கம்மா?" என்றார்கள். மனையைக் காட்டினேன்.

ஒரு பெரியம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே, "அந்த வீட்டுப் பொண்ணு கையெழுத்துப் போட்டுருச்சா?" என்று கேட்டார்.

எந்தப் பெண்?

லால்குடிப் பக்கம் கட்டிக் கொடுத்த மகள். கல்யாணத்தில் நகை போட்டதோடு சரி என்று சொல்லி, பாகப்பிரிவினையில் அவள் பேரைச் சேர்க்கவே இல்லை. வில்லங்கச் சான்றில் இது எப்படி வரும்? பதிவானதுதானே அதில் வரும். விட்டுப்போன ஆள் அதில் தெரிய மாட்டாள். வாரிசுச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மூன்று பெயர் இருந்தது. அப்பா சுயமாகச் சம்பாதித்து, உயில் எழுதாமல் போயிருந்தால், 1956-ஆம் வருடத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்து என்றாலும் 2005 திருத்தத்துக்குப் பிறகு மகளை விட முடியாது, 2020-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது. எங்களுக்கு எப்போதும் எழுதித் தரும் பத்திர எழுத்தர் ஐயா காகிதத்தைத் திருப்பிக் கொடுத்து, "அந்தம்மா இல்லாம எழுதாதம்மா" என்றார். அவருக்கும் அன்றைக்கு எழுத்துக்கூலி போயிற்று. அப்படிப்பட்டவர் ஒருவர் பழக்கத்தில் இருப்பது பெரிய விஷயம்.

அண்ணன் தம்பியிடம் நேராகவே சொன்னேன்: தங்கச்சியும் கையெழுத்துப் போட்டு, அவங்க பங்கு அவங்க கையில போனா வாங்குறேன், இல்லேன்னா வேண்டாம். பெரியவர் கோபப்பட்டார். புரோக்கர் அண்ணனுக்கும் முகம் வாடிவிட்டது, அவருக்கு அது இரண்டு மாத வருமானம். மனையை விட்டுவிட்டோம். வேறு இரண்டு பேர் வந்து பார்த்து, சேதி தெரிந்து ஒதுங்கினார்கள் என்று கேள்விப்பட்டேன்.

எட்டு மாதம் கழித்து, மாத்திரை வாங்க வந்த அண்ணன், "அந்தக் கேஸு முடிஞ்சிருச்சும்மா. தங்கச்சிக்குப் பங்கு தர்றோம்னு ஒத்துக்கிட்டாங்க. உங்களுக்குத்தான் முதல்ல சொல்றேன்" என்றார். பக்கத்து மனை சென்ட் 2,40,000 போய்க்கொண்டிருந்தது. எங்களுக்கு 1,90,000-க்கு முடித்தார்கள். முழு விவரமும் தெரிந்த ஆட்கள், இழுக்காமல் முடிப்பார்கள் என்பதற்காகக் கொடுத்த விலை. மொத்தம் 9,50,000. பத்து லட்சத்துக்குள், என் பேரில். 2025 ஏப்ரலிலிருந்து பத்து லட்சம் வரையிலான சொத்தைப் பெண்கள் பேரில் வாங்கினால் பதிவுக்கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு என்பதால் 9,500 ரூபாய் மிச்சம்.

ஆவணியில் ஒரு முகூர்த்த நாளில் பத்திரம். அந்த நாட்களில் சார்பதிவாளர் அலுவலகத்தில் 100 டோக்கனுக்குப் பதில் 150 கொடுப்பார்கள், அப்படியும் நிற்க இடமில்லை. லால்குடி அக்கா மகனோடு வந்திருந்தார். அண்ணன்களோடு பேசவில்லை, நாலு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார். கைரேகை வைக்கும் கருவியில் அவர் விரல் மூன்று முறை பதியவில்லை. நாற்று நட்டே தேய்ந்த விரல். நாலாவது முறை, அண்ணன்களில் ஒருவர் எழுந்து வந்து தன் துண்டால் அந்த விரலைத் துடைத்துவிட்டார். பதிந்தது. மூன்று டிடி எடுத்து வைத்திருந்தேன், மூன்றும் சம தொகை. அக்கா தன்னுடையதை வாங்கி, பெயர் சரியாக இருக்கிறதா என்று மகனைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, மஞ்சள் பைக்குள் வைத்து, பையை இரண்டு முறை மடித்துக்கொண்டார். "வேப்பமரத்த வெட்டிராதீங்கம்மா" என்றார். வெட்டவில்லை, வெட்டவும் மாட்டேன்.

கமிஷனைப் பற்றி ஒரு வார்த்தை. பேசியதைப் பத்திரம் முடிந்த அன்றைக்கே, அலுவலக வாசலிலேயே கொடுத்துவிடுவேன். பத்திரம் கைக்கு வந்த பிறகு குறைத்துப் பேசுகிறவர்களுக்கு அடுத்த நல்ல மனை ஒருநாளும் முதலில் வராது. அதே சமயம், உரிமையாளரை நேரில் உட்கார வைத்துப் பேசாமல் நான் அட்வான்ஸ் கொடுப்பதில்லை. நடுவில் நாலு பேர் இருந்தால் நாலு பேரும் விலையில் ஏற்றி வைத்திருப்பார்கள். இரண்டையும் முதல் நாளே சொல்லிவிட்டால் யாருக்கும் சங்கடமில்லை.

புது மனைப்பிரிவில் வாங்குவதானால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, ஆணையத்தின் தளத்தில் நாமே சரிபார்க்க வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேல் போனாலே பதிவு கட்டாயம். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் பத்து சதவீதத்துக்கு மேல் அவர்கள் வாங்கக்கூடாது என்பதும் அந்தச் சட்டத்தில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வேன் வைத்துக் கூட்டிப்போய், சாப்பாடு போட்டு, அன்றைக்கே புக்கிங் வாங்கும் இடங்களுக்கு நாத்தனார் மகளைப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நாலு லட்சத்துக்கு நிலம் எங்கே கிடைக்கும் என்று தேடினால் அது நமக்கு ஒரு ஆளும் தெரியாத ஊரில்தான் கிடைக்கும்.

அவள் இப்போதைக்குப் பணத்தை வங்கியிலேயே வைத்துவிட்டாள். மாதம் ஒரு ஞாயிறு சென்னையிலிருந்து வருகிறாள், புது நோட்டு ஒன்று வாங்கியிருக்கிறாள். இந்த வாரம் நல்ல மழை. வெள்ளிக்கிழமைக்குள் விட்டுவிடும் என்றால், ஞாயிற்றுக்கிழமை வாழவந்தான்கோட்டை ஏரிப் பக்கம் ஒரு மனையைக் காட்டக் கூட்டிப் போகிறேன். மழை விட்டு இரண்டு நாள் ஆகியும் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்க்க அதுதான் சரியான நாள். செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கிற மாதிரி வா என்று சொல்லியிருக்கிறேன்.