லூபஸ் இருக்கும்போது குழந்தைக்குத் தயாரானது

எனக்கு லூபஸ் (உடம்பின் எதிர்ப்பு சக்தியே உடம்பைத் தாக்கும் நோய்) என்று தெரியவந்தபோது கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. விரல் மூட்டுகளில் வீக்கமும் கன்னங்களில் சிவப்புமாக ஆரம்பித்தது. அப்புறம் கால் வீங்கியது, சிறுநீர் நுரைத்தது, திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குப் போய் சிறுநீரக பயாப்சி எடுக்கும் அளவுக்கு வந்துவிட்டது. லூபஸ் நெஃப்ரைட்டிஸ், கிளாஸ் 4 என்றார்கள், அதாவது லூபஸ் சிறுநீரகத்தைத் தாக்கியிருந்தது. தைராய்டு குறைவு கல்லூரிக் காலத்திலிருந்தே உண்டு.

ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் கேட்ட முதல் கேள்வி சிறுநீரகத்தைப் பற்றியது இல்லை. "டாக்டர், குழந்தை?" என்றுதான் கேட்டேன். ருமட்டாலஜி (மூட்டு, எதிர்ப்பு சக்தி நோய்கள்) டாக்டர் சொன்ன பதில் இன்னும் வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. "கண்டிப்பா பெத்துக்கலாம். ஆனா நோய் தூங்கும்போது பெத்துக்கணும். முழிச்சிருக்கும்போது கூடாது."

அந்த ஒரு பதிலை நம்பித்தான் அடுத்த சில வருஷங்களை ஓட்டினேன். சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கும்போதே அவர் இதை மனதில் வைத்திருந்தார். சைக்ளோபாஸ்பமைடு ஊசி அதிக அளவில் போனால் கருமுட்டைகள் பாதிக்கப்படலாம் என்பதால் எனக்கு மைக்கோஃபினோலேட் மாத்திரை கொடுத்தார். ஆனால் கரு உருவாகும் நேரத்தில் மைக்கோஃபினோலேட் உடம்பில் இருக்கவே கூடாது. கருச்சிதைவு ஆகலாம், குழந்தைக்குக் காது, உதடு, அண்ணத்தில் குறை வரலாம். அதனால் அதைச் சாப்பிடும் காலம் முழுக்க கருத்தடை கட்டாயம். அதிலும் ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை எனக்கு ஆகாது என்றார், ரத்தம் உறையும் அபாயம் இருப்பவர்களுக்கு அது கூடுதல் ஆபத்து என்பதால். காப்பர் டி போட்டுக்கொண்டேன்.

ஊரில் யாரைப் பார்த்தாலும் "விசேஷம் ஏதாவது உண்டா?" என்று கேட்கும் காலம் அது. வளைகாப்பு, காதுகுத்து, எங்கே போனாலும் அதே கேள்வி. என் வீட்டுக்காரர்தான் முந்திக்கொண்டு, "டாக்டர் சொல்ற வரைக்கும் நாங்களே வேண்டாம்னு வச்சிருக்கோம்" என்று சொல்லிவிடுவார். அதற்குமேல் யாரும் கேட்பதில்லை. இந்த வாக்கியத்தை எல்லாக் கணவர்களும் தங்கள் வாயால் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். மனைவி சொன்னால் அது சாக்குப்போக்காகிவிடுகிறது.

சிறுநீரில் புரதம் போவது ஒருவழியாகக் குறைந்து, லூபஸ் கிளம்பும்போது குறையும் C3, C4 என்ற ரத்தப் புரதங்களின் அளவு சரியாகி, மூட்டு வலியும் அடங்கிய பிறகு, "இப்ப ஆரம்பிக்கலாம்" என்றார் டாக்டர். எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் அவர் ஆரம்பிக்கலாம் என்றது முயற்சியை இல்லை, மாத்திரை மாற்றத்தை. லேப் ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் பேனாவால் மூன்று கட்டம் போட்டு, நிறுத்த வேண்டியது, மாற்ற வேண்டியது, விடவே கூடாதது என்று எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளை லேமினேட் செய்து வைத்திருக்கிறேன்.

மைக்கோஃபினோலேட் நின்று அந்த இடத்துக்கு, கர்ப்பத்திலும் சாப்பிடக்கூடிய அசத்தியோபிரின் வந்தது. கரு தரிக்குமுன் குறைந்தது ஆறு வாரமாவது மைக்கோஃபினோலேட் இல்லாமல் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் எங்கள் டாக்டருக்கு அது போதவில்லை. புது மாத்திரையிலும் நோய் அடங்கியே இருக்கிறதா என்று ஆறு மாதம் பார்க்க வேண்டும் என்றார். ஆரம்பத்தில் வெள்ளை அணுக்கள் குறைகிறதா என்று அடிக்கடி ரத்தம் கொடுக்க வேண்டியிருந்தது. ரத்த அழுத்தத்துக்கும் புரதக் கசிவுக்கும் சாப்பிட்ட எனலாப்ரில் கர்ப்பத்தில் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். சிலருக்குக் கர்ப்பம் உறுதியாகும் நாள்வரை அதைத் தொடர்ந்துவிட்டு உடனே நிறுத்தச் சொல்வார்களாம். எனக்கு முன்கூட்டியே நிஃபெடிபின் மாற்றிக் கொடுத்தார். மூட்டு வலிக்கு அவ்வப்போது போட்டுக்கொண்டிருந்த வலி மாத்திரைகளையும் விடச் சொன்னார். தொடர்ந்து சாப்பிட்டால் சிலருக்குப் பை வெடித்துக் கருமுட்டை வெளியே வருவதையே அவை தடுத்துவிடும் என்பதை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். அவற்றுக்குப் பதில் பாராசிட்டமால்.

விடவே கூடாததில் முதல் பெயர் லூபஸை அடக்கி வைக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயின், அடிக்கோடு போட்டு. என் எடைக்கு தினம் 200 மில்லிகிராம். கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டாமல் இருந்தால் கண்ணுக்குப் பாதுகாப்பு, அதோடு கண் பரிசோதனையும் விடாமல் செய்ய வேண்டும்.

இந்த மாத்திரை விஷயத்தில்தான் வீட்டில் பேச்சு வந்தது. அத்தை என் மேல் பாசமுள்ளவர், நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பக்கத்திலேயே இருந்தவர். ஒருநாள் நான் டப்பாவில் மாத்திரைகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது உட்கார்ந்து பார்த்தார். "ஏம்மா, இத்தனை மருந்தை முழுங்குனா கரு எப்படித் தங்கும்? ஒரு மூணு மாசம் எல்லாத்தையும் விட்டுட்டுப் பாரேன்" என்றார். நியாயமான கவலைதான். நான் பதில் சொல்வதைவிட டாக்டரே சொல்லட்டும் என்று அடுத்த முறை அவரையும் கூட்டிக்கொண்டு மதுரை ஆரப்பாளையம் பஸ் ஏறினேன். டாக்டர் பொறுமையாக விளக்கினார். "அம்மா, இந்த மாத்திரை குழந்தைக்கு ஒண்ணும் செய்யாது. இதை விட்டா நோய் முழிச்சுக்கும். அதுதான் கருவைக் கலைக்கும், பிரஷரை ஏத்தும், குறைமாசத்துல பிரசவம் பண்ண வைக்கும்." அன்றிலிருந்து ராத்திரி மாத்திரை போட்டாயா என்று என்னைக் கேட்பதே அத்தைதான்.

இதே மாதங்களில்தான் சொந்தக்காரர் ஒருவரின் பேச்சைக் கேட்டு ஒரு கருத்தரிப்பு மையத்துக்கும் போனோம். அங்கே என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று கேட்பதற்கு முன்னால் பேக்கேஜ் கட்டணத்தைச் சொன்னார்கள். லூபஸ் என்று நானாகச் சொன்ன பிறகும், அடுத்த மாதவிடாயிலேயே ஹார்மோன் ஊசி தொடங்கலாம் என்றார்கள். எனக்குக் கோபமாக வந்தது. ஐ.வி.எஃப்.புக்குப் போடும் ஊசிகளால் ஈஸ்ட்ரோஜன் பல மடங்கு ஏறும். லூபஸ் இருப்பவருக்கு அது நோயைக் கிளப்பவும் ரத்தம் உறையவும் காரணமாகலாம். தேவைப்பட்டால் லூபஸ்காரர்களும் அந்தச் சிகிச்சை எடுக்கலாம், எடுத்துக் குழந்தை பெற்றவர்களும் உண்டு. ஆனால் நோய் அடங்கியிருக்கும்போது, ருமட்டாலஜி டாக்டர் சம்மதத்தோடு, வேண்டிய பாதுகாப்பு மருந்துகளோடுதான். இதைக் கேட்காத இடத்தில் ஒரு நிமிஷம்கூட உட்காராதீர்கள்.

ரத்தப் பரிசோதனைகளில் இரண்டு முடிவுகள் முக்கியமானவை. ஒன்று ஆன்டி ஃபாஸ்போலிப்பிட் ஆன்டிபாடிகள். இவை இருந்தால் நஞ்சுக்கொடியில் ரத்தம் உறைந்து கரு கலையலாம். எனக்கு முதல் தடவை அவற்றில் ஒன்றான ஆன்டி கார்டியோலிப்பின் பாசிட்டிவ் வந்தது. ஒரு முறை வந்ததை வைத்து முடிவு செய்ய மாட்டார்கள், காய்ச்சல், தொற்று வந்தாலும் தற்காலிகமாக ஏறுமாம். 12 வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். அந்தப் பன்னிரண்டு வாரமும் ஒவ்வொரு ராத்திரியும் வயிற்றில் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி போட்டுக்கொள்வதாகவே கற்பனை செய்துகொண்டு படுத்தேன். இரண்டாவது ரிப்போர்ட் நெகட்டிவ்.

இன்னொன்று ஆன்டி ரோ. அது பாசிட்டிவ், மாறப்போவதும் இல்லை. இந்த ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியாகப் போய்க் குழந்தையின் இதயத் துடிப்பைக் கடத்தும் பாதையைத் தாக்கலாம். அப்படி நடப்பது நூறில் ஒருவர், இருவருக்குத்தான். மூத்த குழந்தைக்கு அந்தப் பிரச்சினை வந்த தாய்மார்களை வைத்து நடந்த ஆய்வில், ஹைட்ராக்சிகுளோரோகுயின் சாப்பிட்டவர்களுக்கு அடுத்த குழந்தையிடம் அது வருவது பாதிக்கும் மேல் குறைந்திருந்தது. அந்த அடிக்கோட்டின் அர்த்தம் அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

தைராய்டு குறைந்தால் ஏறும் டி.எஸ்.எச். அளவு 2.5க்குக் கீழே வர வேண்டும் என்று மாத்திரை அளவைக் கூட்டினார்கள். காலையில் வெறும் வயிற்றில் தைராக்சின், கால்சியமும் இரும்பும் அதிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளி. ஃபோலிக் ஆசிட் அப்போதே தொடங்கியாயிற்று. எல்லாம் ஒழுங்கான பிறகு காப்பர் டியை எடுத்தார்கள்.

முயற்சி செய்த மாதங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நாள் கணக்கு, கருமுட்டை வரும் நேரத்தைக் காட்டும் ஸ்ட்ரிப், மாதவிடாய் வந்த நாட்களில் அழுகை. என் வீட்டுக்காரர் தானாகவே போய் விந்தணுப் பரிசோதனை செய்துகொண்டு வந்தார். மற்றவர்களுக்கு ஒரு வருஷம் பார்க்கலாம், உனக்கு ஆறு மாதத்தில் ஆகவில்லையென்றால் வா, நோய் அடங்கியிருக்கும் காலத்தை வீணாக்க வேண்டாம் என்றிருந்தார் மகப்பேறு டாக்டர். அதற்குள் இரண்டு கோடு வந்தது.

அன்றைக்கே டி.எஸ்.எச். பார்த்துத் தைராக்சினை இன்னும் கூட்டினார்கள். முதல் மூன்று மாதம் முடிவதற்குள் குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்கினார்கள். லூபஸ் உள்ளவர்களுக்குப் பிற்பாடு பிரஷர் ஏறாமல் இருக்க அது உதவும். கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வந்து பிக்மி எண் (கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவு எண்) பதிந்து, அட்டையில் ஹை ரிஸ்க் என்று எழுதினார். அத்தைக்கு முகம் வாடிவிட்டது. "எழுதி வச்சாத்தான்ம்மா எல்லாரும் கவனமா பாப்பாங்க" என்றார் அந்தச் செவிலியர்.

இப்போது இருபதாவது வாரம். ஒவ்வொரு முறையும் மகப்பேறு டாக்டர் எழுதுவதை ருமட்டாலஜி டாக்டரிடமும், அவர் எழுதுவதை இவரிடமும் நானே படம் எடுத்து அனுப்புகிறேன். பதினாறாவது வாரத்திலிருந்து குழந்தையின் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுக்கிறார்கள், இருபத்தாறு வரை தொடரும். அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ருமட்டாலஜி 2020ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் அப்படித்தான் சொல்கிறது என்று டாக்டர் காட்டினார். இதுவரை எடுத்ததில் துடிப்பு சீராக இருக்கிறது. சிறுநீரில் புரதமும் கூடவில்லை. அடுத்த எக்கோ வியாழக்கிழமை. பிரசவத்துக்குப் பிறகு நோய் கிளம்ப வாய்ப்பு அதிகம் என்பதால், பால் கொடுக்கும்போது எந்தெந்த மாத்திரை சாப்பிடலாம் என்று அன்றைக்குக் கேட்க வேண்டும். ஹைட்ராக்சிகுளோரோகுயினும் அசத்தியோபிரினும் தொடரலாம் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார். மிச்சத்தைக் குறித்து வைத்திருக்கிறேன்.