சதர்லாந்தும் 70 கம்பெனிகளும்

குற்றவியல் பேராசிரியர் என்றால் திருடன், பிக்பாக்கெட் பற்றித்தான் ஆராய்வார் என்று நினைப்போம். அமெரிக்காவின் எட்வின் சதர்லாந்து அதையும் செய்தார், அப்புறம் கோட்டு சூட்டு ஆசாமிகள் பக்கம் திரும்பினார். 1913இல் சிகாகோவில் முனைவர் பட்டம். இல்லினாய், மினசோட்டா என்று சுற்றி 1935இல் இண்டியானா பல்கலைக்கழகம்.

அங்கிருந்தபடி 70 பெரிய கம்பெனிகளுக்கு எதிராக நீதிமன்றங்களும் அரசு ஆணையங்களும் சொன்ன தீர்ப்புகளைத் தோண்டினார். 980 தேறின! விளம்பரப் பொய், காப்புரிமை மீறல், தொழிலாளர் சட்ட மீறல்... சராசரியாகக் கம்பெனிக்கு 14. தெருவில் திரிகிற ஒருவன் பேரில் இத்தனை இருந்தால் ரவுடிப் பட்டியலில் சேர்த்திருப்பார்கள்.

1949இல் இந்த ஆய்வு புத்தகமாக வந்தபோது, மானநஷ்ட வழக்குக்குப் பயந்து பதிப்பகத்தார் கம்பெனிப் பெயர்களை எடுக்க வைத்துவிட்டார்கள். மறு வருடம் அவர் காலமானார். பெயர்களோடு முழுப் புத்தகம் வெளிவந்தது 1983இல்தான்.