சொட்டியது ஓரிடம், இறங்கியது வேறிடம்: எங்கள் வீட்டுத் தளத்தைப் பரிசோதித்த அனுபவம்

போன ஐப்பசி மழையில் அம்மாவின் கட்டிலை மூன்று தடவை நகர்த்தினோம். முதலில் சுவரோரம், அப்புறம் ஜன்னல் பக்கம், கடைசியில் அறையை விட்டே ஹாலுக்கு. மின்விசிறி மாட்டியிருக்கும் கொக்கியைச் சுற்றிச் சொட்டு விழுந்துகொண்டே இருந்தது. அம்மாவுக்கு 74 வயது. ராத்திரி எழுந்து ஈரத்தில் கால் வைத்துவிடுவாரோ என்ற பயத்தில் எனக்கும் தூக்கம் போயிற்று.

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில், முட்டத்துக்கும் மண்டைக்காட்டுக்கும் நடுவில் இருக்கிறது. கடல் அரை கிலோமீட்டர்கூட இருக்காது. அப்பா 1993-ல் கட்டியது. முன்பக்கம் மேற்குப் பார்த்த சிட் அவுட், அதாவது திறந்த வராந்தா. ஆனி, ஆடியில் அடிக்கும் காற்று நேராக அங்கேதான் வந்து மோதும். ஜன்னல் கம்பியைத் தொட்டு விரலை நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். அந்த சிட் அவுட்டின் மேல்தளத்தில் இரண்டு வருடமாகப் பூச்சு பொரிந்து விழுகிறது. ஓரிடத்தில் துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்தது. பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே காரணம்தான் சொல்வார்கள்: "கடல் மண்ணக் கலந்து போட்டுட்டாரு, பின்ன எப்படி நிக்கும்?" அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. அவர் இல்லாத வீட்டில் அந்தப் பேச்சைக் கேட்டு அம்மா முகம் வாடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

முதலில் ஆள் ஆளாக வந்து பார்த்தார்கள். கொத்தனார் ஒருவர், மொட்டை மாடியில் பதித்திருக்கும் தட்டோட்டை எல்லாம் உடைத்து எடுத்துவிட்டுப் புதிதாகப் பதிக்க வேண்டும் என்றார். நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு அடிக்கும் ஒருவர் டேப்பை இழுத்து மாடியை அளந்து, சதுர அடிக்கு இவ்வளவு என்று எழுதிக் கொடுத்துவிட்டு, கீழே வந்து அம்மாவின் அறையைப் பார்க்காமலே போய்விட்டார். இரும்பு வேலை செய்பவர், மாடி முழுக்க ட்ரஸ் என்கிற இரும்புச் சட்டம் நிறுத்தி ஷீட் போட்டுவிட்டால் கவலையே இல்லை என்றார். குவைத்தில் இருக்கும் அண்ணனுக்கு அதுதான் பிடித்திருந்தது. எங்கள் பக்கம் இப்போது எந்தத் தெருவில் பார்த்தாலும் மாடிக்கு மேல் ஷீட் நிற்கிறது, அதனால் அவரைச் சொல்லவும் முடியாது. நாலாவதாக வந்தவர் சிட் அவுட்டையே இடித்துவிடச் சொன்னார்.

நாலு பேரும் நாலு வைத்தியம் சொன்னார்கள். நோய் என்ன என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் அவரவர் செய்யும் வேலையைத்தான் சொன்னார்கள், அது இயல்பு. ஆனால் எனக்குத் தேவைப்பட்டது, எங்களிடம் எந்த வேலையும் எடுக்கப்போகாத ஒருவர். பார்ப்பதற்கு மட்டும் பணம் வாங்கிக்கொண்டு உள்ளதைச் சொல்கிறவர்.

வீட்டுக்கு பிளான் போடுகிற எஞ்சினியர் எல்லாரும் இதைச் செய்வதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கட்டடத்தின் உறுதியைப் பார்க்கிற ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் என்று கேட்க வேண்டும். 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் அவர்களுக்குத் தனியாகப் பதிவு உண்டு. எனக்கு வழி காட்டியது என்னோடு பள்ளியில் வேலை பார்க்கும் டீச்சரின் தம்பி. அவர் ஒரு பொறியியல் கல்லூரியில் சிவில் துறையில் இருக்கிறார். கல்லூரி லேபில் வெளியார் கொடுக்கும் மாதிரிகளையும் கட்டணம் வாங்கிப் பரிசோதித்துத் தருவார்கள் என்று சொல்லி, பழைய கட்டடங்களை மட்டுமே பார்க்கும் ஒரு எஞ்சினியரின் நம்பரையும் தந்தார்.

அந்த சார் போனிலேயே கால் மணி நேரம் கேள்வி கேட்டார். எந்த வருடம் கட்டியது, கடல் எவ்வளவு தூரம், சொட்டு மழை பெய்யும்போதே விழுகிறதா, நேரம் கழித்து விழுகிறதா? இந்தக் கடைசிக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த மழைக்கு நோட்டில் குறித்து வைக்கச் சொன்னார். குறித்தேன்: மழை தொடங்கி ஏறக்குறைய மூன்று மணி நேரம் கழித்து முதல் சொட்டு, மழை நின்ற பிறகும் மறுநாள் மத்தியானம் வரை சொட்டியது. பார்வையிடவும் அறிக்கை எழுதவும் 9,000 ரூபாய், லேப் செலவு தனி என்றார். கடைசியாக ஒன்று சொன்னார்: "நான் வர்ற வரைக்கும் எங்கயும் பூசிராதீங்க. வெள்ளையும் அடிக்க வேண்டாம். அந்தக் கறைதான் எனக்கு வேணும்."

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கு உதவிக்கு ஒரு பையனோடு வந்தார். நேராக மாடிக்குத்தான் போவார் என்று நினைத்து நான் ஏணியைச் சாத்தி வைத்திருந்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு அம்மாவின் அறைக்குள் போனார். ஒரு தாளில் அறையின் படத்தை வரைந்து, சுவரில் இருந்து ஒவ்வொரு கறைக்கும் அளவெடுத்துக் குறித்தார். அறைக்கு அறை இப்படியே. இதற்கே ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அப்புறம் ஸ்டூலில் ஏறி, சின்னச் சுத்தியலால் மேல்தளத்தைத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் 'டங்' என்று கேட்கும். காரை விட்டுப்போன இடத்தில் 'பொத்' என்று ஒரு சத்தம், பழுத்த பலாப்பழத்தைத் தட்டுவது மாதிரி. பொத்தென்று கேட்ட இடத்தைச் சுற்றிப் பையன் சாக்பீஸால் கோடு போட்டான். அம்மாவின் அறையில் கோடு ஒரு முழம்கூட இல்லை. சிட் அவுட்டில் பாதித் தளம் கோட்டுக்குள் போய்விட்டது. நாங்கள் சாயங்காலம் நாற்காலி போட்டு உட்காரும் இடம் அது. அன்றைக்கே நாற்காலிகளை எடுத்து உள்ளே போடச் சொல்லிவிட்டார்.

கம்பி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று காட்டும் ஒரு மீட்டரைத் தளத்தில் ஒட்டி நகர்த்தினார். அறையில் 18, 20 மில்லிமீட்டர் என்று வந்தது. சிட் அவுட்டில் 12, சில இடத்தில் 10. அந்தக் காலத்தில் கம்பியைத் தூக்கிப் பிடிக்க அடியில் கவர் பிளாக் என்ற சின்னக் கட்டையை வைப்பது இங்கே பழக்கமில்லை, ஜல்லிக் கல்லை முட்டுக் கொடுப்பார்கள், காங்கிரீட் கொட்டி மிதிக்கும்போது கல் நழுவிக் கம்பி கீழே இறங்கிவிடும் என்றார். காங்கிரீட்டுக்கான ஐ.எஸ். 456 என்ற இந்திய விதிநூலின் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பில் கடற்கரைக் காற்று படும் காங்கிரீட்டுக்கு கம்பியை மூட 45 மில்லிமீட்டர் கனம் கேட்கிறார்கள். எங்கள் சிட் அவுட்டில் அதில் கால்வாசிதான் இருந்தது.

பிறகு பெயர்ந்த இடத்தில் உளியால் புதிதாக ஒரு குழி எடுத்து, தூசியை ஊதிவிட்டு, ஒரு பாட்டிலில் இருந்து நிறமில்லாத திரவத்தைத் தெளித்தார். பினாப்தலின். இரண்டு மூன்று நொடியில் குழியின் உட்பக்கம் செவ்வரளிப் பூ நிறத்தில் சிவந்தது. வெளி ஓரத்தில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு நிறமே ஏறவில்லை, சிமெண்ட் நிறத்திலேயே நின்றது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஸ்டூல் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். சிவந்த இடத்தில் காங்கிரீட்டின் காரத்தன்மை இன்னும் இருக்கிறது, அது இருக்கும்வரை கம்பிக்கு ஒரு காவல். நிறம் ஏறாத இடத்தில் காற்றில் உள்ள கரியமில வாயு புகுந்து அந்தக் காவல் போய்விட்டது. கம்பி சரியாக அந்த நிறமில்லாத பட்டைக்குள்தான் கிடந்தது. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும், அது உப்பித் தள்ளும்போதுதான் காங்கிரீட் பெயர்கிறது என்று அம்மாவுக்குப் புரியும்படி நிதானமாகச் சொன்னார்.

அப்போது அம்மா கேட்டுவிட்டார். "தம்பி, அவ்வோ கடல் மண்ணு போட்டதுனாலதான் இப்படி ஆச்சுன்னு சொல்லுதாவ. உள்ளதா?"

அவர் உடனே ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "பார்த்துச் சொல்றேன்மா" என்று டிரில்லை எடுத்தார். ஒரே துளையில் முதல் 10 மில்லிமீட்டர் வரை வந்த தூளை ஒரு பாக்கெட்டில், துளையைச் சுத்தம் செய்துவிட்டு அடுத்த 10-ஐ இன்னொரு பாக்கெட்டில், அதற்கும் உள்ளே இருந்ததை மூன்றாவதில். சிட் அவுட்டில் இரண்டு துளை, அறையில் ஒன்று. கட்டும்போதே மணலில் உப்பு இருந்திருந்தால் மூன்று பாக்கெட்டிலும் உப்பில் உள்ள குளோரைடு ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். பின்னால் காற்றில் வந்து ஏறியிருந்தால் வெளியே அதிகமாகவும் உள்ளே போகப் போகக் குறைந்தும் இருக்கும். பாக்கெட்டுகள் லேபுக்குப் போயின.

மாடியைக் கடைசியாகத்தான் பார்த்தார். மழைநீர்க் குழாயின் வாயை வேப்பிலைச் சருகு பாதி அடைத்திருந்தது. தண்ணீர் ஊற்றிப் பார்த்ததில், வாட்டம் குழாய்க்கு எதிர்ப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. தண்ணீர் தேக்கிப் பார்க்க வேண்டும் என்றார், ஆனால் மாடி முழுக்கத் தேக்க மறுத்துவிட்டார். இரண்டு அங்குலத் தண்ணீர் என்றாலே ஒரு சதுர மீட்டருக்கு 50 கிலோ. சிட் அவுட் இருக்கும் நிலையில் அதன் மேல் அந்தப் பாரம் ஏற்றக் கூடாது. அறைக்கு மேலே மட்டும் களிமண்ணால் வயலுக்கு வரப்பு கட்டுவதுபோல் கட்டி, நாலு பாத்தியாகப் பிரித்து, ஒரு நாளைக்கு ஒரு பாத்தியில் தண்ணீர் கட்டச் சொல்லிவிட்டுப் போனார்.

முதலில் நிரப்பியது மின்விசிறிக்கு நேர் மேலே உள்ள பாத்தி. ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தோம். ஒரு சொட்டு விழவில்லை. இரண்டாவதும் விழவில்லை. மூன்றாவது, வடக்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டியது. கொக்கியில் இருந்து எட்டடி தள்ளி. காலை ஆறு மணிக்கு நிரப்பினோம். ஒன்பதரைக்குக் கொக்கியில் முத்து கட்டியது.

நான் போனில் சொன்னதும் சார் கேட்ட முதல் கேள்வி, "அந்தச் சுவர்ல எப்பவாவது எதுவும் விழுந்திருக்கா?"

விழுந்திருக்கிறது. 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். வீட்டுக்கு வடக்கே நின்ற தென்னை வேரோடு சாய்ந்து அந்தக் கைப்பிடிச் சுவரில்தான் விழுந்தது. ஊரே மின்சாரம் இல்லாமல் கிடந்த நாட்கள், கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை என்று கரையெல்லாம் அழுகையாக இருந்த நேரம். சுவரில் ஒரு விரிசலை யார் பெரிதாக நினைப்பார்கள்? அப்பா சிமெண்ட் குழைத்து அவரே பூசி மூடினார். அந்த அடியில் சுவர், தளத்தோடு சேரும் இடத்தில் மயிரிழை அசைந்துவிட்டிருக்கிறது. அந்த வழியாக இறங்கும் தண்ணீர், தட்டோட்டுக்கு அடியில் உள்ள செங்கல் சல்லிச் சுண்ணாம்புப் படுகையில் ஊறி ஊறி நகர்ந்து, தளத்தில் எங்கே கீறல் இருக்கிறதோ அங்கே போய்ச் சொட்டியிருக்கிறது. மழை நின்ற பிறகும் மறுநாள்வரை சொட்டியது ஏன் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பன்னிரண்டு நாள் கழித்து அறிக்கை வந்தது. 22 பக்கம். அறை அறையாகப் படம், போட்டோ, அளவுகள். எதை உடனே செய்ய வேண்டும், எதை அடுத்த மழைக்கு முன் செய்ய வேண்டும், எதை விட்டுவைக்கலாம் என்று பிரித்து எழுதியிருந்தார். சிட் அவுட்டுக்கு அன்றே முட்டு கொடுத்தாக வேண்டும். இடிக்க வேண்டியதில்லை. பொத்தென்று கேட்ட காங்கிரீட்டை முழுவதும் எடுத்து, கம்பிக்குப் பின்பக்கமும் விரல் நுழையும் அளவு குடைந்து, துருவைச் சுரண்டி, தேய்ந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி கட்டி, துருத்தடுப்புப் பூச்சும் பாலிமர் கலவையும் போட வேண்டும். தட்டோட்டை மாடி முழுக்க உடைக்க வேண்டாம், வடக்குச் சுவரோரம் இரண்டடி அகலத்துக்கு எடுத்துச் சேர்மானத்தைச் சரிசெய்தால் போதும்.

ஷீட்டைப் பற்றித் தனியாக ஒரு பத்தி. நான் அதைப் போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். ஷீட் மழையைத் தடுக்கும், சரி. ஆனால் சிட் அவுட்டைத் தின்றது மழை இல்லை, கீழிருந்து படும் உப்புக் காற்று. ஷீட்டுக்கு அடியில் அது பாட்டுக்கு வந்துகொண்டே இருக்கும். அதோடு ட்ரஸ் காலைத் தளத்தில் துளை போட்டு போல்ட் அடித்தால், காற்று தூக்கும் விசை முழுவதும் பலவீனமான தளத்தில் இறங்கும். அண்ணன் ராத்திரி கூப்பிட்டு, "நீ சொன்ன மாதிரியே செய்வோம்" என்றான்.

கடைசிப் பக்கம் லேப் முடிவு. அம்மா என்னை அதைத்தான் முதலில் வாசிக்கச் சொன்னார். சிட் அவுட்டின் இரண்டு துளையிலும் வெளித் தூளில் குளோரைடு அதிகம், நடுவில் குறைவு, உள்ளே இன்னும் குறைவு. அறையில் மூன்று ஆழத்திலும் சொல்லும்படி ஒன்றுமில்லை. உப்பு கலவையோடு வரவில்லை, முப்பது வருடக் காற்றில் வந்தது என்று ஒரே வரியில் முடிவு எழுதியிருந்தார்.

"அப்போ அவ்வோ போட்டது ஆத்து மணலுதான்" என்றார் அம்மா. திரும்ப ஒருமுறை வாசிக்கச் சொன்னார். அப்புறம் அறிக்கையை வாங்கி, பத்திரமும் பட்டாவும் இருக்கும் பச்சைப் பையில் வைத்து பீரோவைப் பூட்டினார். கொத்தனாரிடம் காட்ட வேண்டிய பக்கங்களை நான் அதற்குப் பிறகு கடையில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டேன்.

வேலை மாசியில் தொடங்கிப் பங்குனியில் முடிந்தது. கம்பியைச் சுரண்டி முடித்ததும் பூசி மூடுவதற்கு முன் தான் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று சார் முன்பே சொல்லியிருந்தார், அதற்குத் தனிப் பணம் கேட்கவில்லை. வந்து பார்த்து, ஒரு மூலையில் பின்பக்கம் சரியாகக் குடையவில்லை என்று திரும்பச் செய்ய வைத்தார். கொத்தனாருக்கும் அதில் வருத்தமில்லை, எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். லேப் செலவு, வேலை எல்லாம் சேர்த்தும் ஷீட்டுக்குச் சொன்ன தொகையில் பாதிதான் ஆயிற்று.

இந்த ஆனிச் சாரலில் இரண்டு நாள் விடாமல் பெய்தது. மூன்று மணி நேரம், ஆறு மணி நேரம் என்று போய்ப் போய்க் கொக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் மத்தியானம் அம்மா, "போதும் மக்களே, கட்டிலப் பிடி" என்றார். ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பழைய இடத்தில் போட்டோம். மேற்குச் சன்ஷேடு ஒன்று இன்னும் பாக்கி இருக்கிறது. அது விட்டுவைக்கலாம் பட்டியலில் உள்ளது, தை பிறந்ததும் செய்ய வேண்டும்.