நெட் வரலாறு: எனக்குக் கைகொடுத்த பக்கிள்

யூஜிசி நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு) வரலாற்றுத் தாளின் ரிசல்ட் வந்தது, ஜேஆர்எஃப் (ஆய்வு உதவித்தொகை) கிடைத்தது. வீட்டில் இப்போதுதான் எல்லோரும் நிம்மதியாகத் தூங்குகிறோம். சிலபஸ், மார்க் கணக்கெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: ஹிஸ்டோரியோகிராபிக்கு (வரலாற்றை எப்படி எழுதினார்கள் என்று படிக்கும் பகுதி) பெயர்ப் பட்டியலை உருப்போடாதீர்கள். ஒரே ஒருவரைப் பிடித்து முழுசாகப் படியுங்கள். நான் பிடித்தது ஆங்கில வரலாற்றாசிரியர் ஹென்றி தாமஸ் பக்கிள்.

கைடுகளில் அவருக்கு ஒரு வரிதான். ஆனால் ஆளைப் பாருங்கள். லண்டன் வணிகர் ஒருவரின் மகன், 1821-ல் பிறந்தவர். நோஞ்சான் பிள்ளை என்பதால் பள்ளிப் படிப்பே சரியாக இல்லை, பல்கலைக்கழகமும் கிடையாது. 1840-ல் அப்பா இறந்து சொத்து வந்ததும் வீட்டில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார். மொழிகளைத் தானே கற்றார். இடையில் 1849 லண்டன் செஸ் போட்டியையும் வென்றார். ‘இங்கிலாந்தின் நாகரிக வரலாறு’ முதல் தொகுதி 1857-ல், இரண்டாவது 1861-ல் வந்தது. அடுத்த ஆண்டே டமாஸ்கஸில் காய்ச்சலில் இறந்தார், வயது 40. எழுதி முடித்த இரண்டு தொகுதிகளும் அவர் திட்டமிட்ட நூலுக்கு முன்னுரை மட்டுமே! அவருக்குப் பணக்கவலை இல்லை, நமக்கு உண்டு. ஆனாலும் கோச்சிங் இல்லாமல் தனியாகப் படிக்கிற எனக்கு அவர் பெரிய தெம்பு.

பாசிட்டிவிசம் (சமூகத்தையும் அறிவியல் போல விதிகளால் விளக்கலாம் என்ற கொள்கை) எனக்குப் புரிந்தது அவருடைய ஒரு உதாரணத்தில்தான். லண்டன், பாரிஸ் தபால் நிலையங்களில் முகவரி எழுத மறந்து போடப்படும் கடிதங்கள் வருஷா வருஷம் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்கின்றனவாம். மறதிக்கே ஒரு ஒழுங்கு இருந்தால் வரலாற்றுக்கும் விதிகள் இருக்க வேண்டும் என்கிறார். தானிய விலையையும் திருமணங்களின் எண்ணிக்கையையும் இணைத்துக் காட்டுவதும் இதற்குத்தான். இதைப் படித்தபின் பாசிட்டிவிசத்தை நிறுவிய கோம்ட், சமூகப் புள்ளியியலாளர் கெட்லே இருவரும் தானாக வந்து ஒட்டிக்கொண்டார்கள். பக்கிளை எதிர்த்து எழுதிய வரலாற்றாசிரியர்கள் ஆக்டனும் ட்ராய்சனும் கூடவே வந்தார்கள்.

காலவரிசைக்கு:
1824 – ஜெர்மன் வரலாற்றாசிரியர் ராங்கேயின் முதல் நூல்
1830–42 – கோம்ட்டின் பாசிட்டிவ் தத்துவ நூல்
1848 – மெக்காலேயின் ‘இங்கிலாந்து வரலாறு’ முதல் இரு தொகுதிகள்
1857 – பக்கிள்
1859 – டார்வின்

சிப்பாய்க் கிளர்ச்சி நடந்த 1857 நமக்கு எப்படியும் மறக்காது. அதை நடுவில் வைத்து முன்னும் பின்னும் அடுக்குங்கள்.

கூற்று–காரணம் வகைக் கேள்விகளில் (ஒரு கூற்றும் அதற்கான காரணமும் சரியா என்று கேட்பவை) கவனம். தட்பவெப்பம், மண், உணவு, இயற்கைத் தோற்றம் என பக்கிள் சொல்லும் நான்கு காரணிகளையும் பார்த்ததும் ‘பக்கிள் எல்லாவற்றுக்கும் புவியியலைக் காரணம் காட்டினார்’ என்று டிக் அடிக்கத் தோன்றும். அது பாதிதான். இந்தியாவில் மலிவான அரிசி, பெருகும் மக்கள்தொகை, குறைந்த கூலி, ஏற்றத்தாழ்வு என்று சங்கிலி போடுவது உண்மை. இந்தியாவைப் பற்றிய அந்தக் கணிப்பை நான் ஏற்கவில்லை, அது வேறு விஷயம். ஐரோப்பாவில் மனிதன் இயற்கையை மிஞ்சினான், அங்கே முன்னேற்றம் அறிவால் வந்தது, ஒழுக்கத்தால் அல்ல என்பதுதான் அவர் வாதம். ‘அறிவு’, ‘ஒழுக்கம்’ இரண்டும் இடம் மாறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் குறியுங்கள்.