பெரிய கோயிலுக்குக் கலசம் போன கதை

எங்கள் ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தப் பொம்மை, தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்கு நேற்று மதியத்திலிருந்து கலசம் இல்லை. அது விழுந்தது மிச்சிகனில் ஒரு பெரியவர் வீட்டு வாசலில். விழ வைத்தவர் என் அப்பா. மூல காரணம், வேறு யார், எங்க வீட்டுக்காரர்தான்.

தேனீப் பெட்டி, தச்சு வேலை எல்லாம் முடிந்து இந்த வருஷம் அவருக்குப் பழைய கார். அதுவும் 1968 பாண்டியாக் ஜிடிஓ. "அதென்ன மாப்பிள்ளை, ஆர்டிஓ மாதிரி?" என்று அப்பா கேட்டதுதான் தப்பு. மூன்று வாரமாக ராத்திரிச் சாப்பாட்டில் பாடம். 1964, 65 இல் ஜிடிஓ தனி வண்டியே இல்லையாம். அதே கம்பெனியின் லெமான்ஸ் காரை வாங்கும்போது கூடுதல் பணம் கட்டினால் ஜிடிஓ ஆக்கித் தருவார்களாம். 66 இல்தான் தனிக்குடித்தனம். அதனால் 68 வண்டியின் சேஸ் நம்பர் 242 என்று ஆரம்பித்தால் ஜிடிஓ, 237 என்றால் லெமான்ஸ். மூக்கை மாற்றலாம், பானெட்டை மாற்றலாம், மூன்றெழுத்தை வாங்கி ஒட்டலாம். அந்த நம்பரில் கை வைத்தால் மட்டும் ஜெயில். லெமான்ஸின் 350 இன்ஜினும் ஜிடிஓவின் 400 இன்ஜினும் வெளியே பார்க்க ஒரே மாதிரி, முன்பக்கம் வெட்டியிருக்கும் எழுத்தைப் பார்த்தால்தான் தெரியும். இதற்குள் ரசம் ஆறிவிடும்.

அப்பா நாற்பது வருஷம் சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதியவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "மூலப்பத்திரம் எங்க?"

அதுவும் இருக்கிறதாம்! பாண்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்று ஓர் இடம். சேஸ் நம்பர் கொடுத்துப் பணம் கட்டினால், அந்த வண்டி ஃபாக்டரியை விட்டு எப்படி வெளியே வந்தது என்று அந்தக் காலத்துப் பில் நகலே வரும். அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே! மாப்பிள்ளை மேல் பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக மரியாதை வந்தது.

நேற்றுப் போனோம். கரும்பச்சை வண்டி, 41,000 டாலர். பெரியவர் சாவியைத் திருப்பினார். அவ்வளவுதான். அந்தச் சத்தத்தில் எங்க வீட்டுக்காரருக்கு மூன்று வாரப் பாடமும் காதோடு போய்விட்டது. எங்கள் கல்யாணத்தில் நாதஸ்வரம் வாசித்தபோதுகூட அந்த முகம் இப்படி மலர்ந்ததில்லை. (வீடியோ இருக்கிறது.)

அப்பா மட்டும் கைக்குட்டையில் சுற்றிய பெரிய கோயிலை ஸ்வெட்டர் பையிலிருந்து எடுத்தார். பெயிண்டுக்கு அடியில் பட்டி பார்த்திருந்தால் காந்தம் ஒட்டாது என்று பாடத்தில் வந்திருந்ததே. முதலில் மூக்கில் வைத்தார். ஒட்டவில்லை. "வில்லங்கம்!" என்றார். எங்க வீட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "மாமா, 68 ஜிடிஓவுக்கு முன் பம்பரே ரப்பர் மாதிரிதான், அதுக்குத்தான் அது ஃபேமஸ்." சரி என்று அப்பா கதவில் வைத்தார். ஒட்டியது. பின் சக்கரத்துக்கு மேலே வைத்தார். பெரிய கோயில் சர்ரென்று வழுக்கிக் கீழே விழுந்து, கலசம் உருண்டு புல்லுக்குள் போனது. அங்கே என்ன ரப்பர் என்று மாப்பிள்ளை சொல்லவில்லை.

பெரியவர் எதையும் கவனிக்காமல் என்னிடம் பேசிக்கொண்டிருந்தார். 1989 இல் வாங்கியதாம். 95 இல் வுட்வர்ட் சாலையில் பழைய வண்டி ஊர்வலம் ஆரம்பித்ததிலிருந்து ஒவ்வொரு ஆகஸ்டும் மனைவியோடு போனாராம். பெட்டியில் சாண்ட்விச், அந்த அம்மாவுக்கு ஒரு மடக்கு நாற்காலி. நாற்காலி இன்னும் டிக்கியில்தான் இருக்கிறது. போன வருஷம் அவர் போகவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை.

அப்பா அதற்குள் முன் கண்ணாடிக்கு வந்து, டாஷ்போர்டு ஓரத்துத் தகட்டைக் குனிந்து படித்தார். "ரெண்டு, மூணு, ஏழு."

"வெயில் அடிக்குது மாமா. நல்லாப் பாருங்க."

"நாப்பது வருஷம் சர்வே நம்பர் பாத்த கண்ணு, மாப்பிள்ளை."

எங்க வீட்டுக்காரர் சட்டைக் கையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். இன்னொரு தடவை துடைத்தார். எவ்வளவு துடைத்தாலும் 237தான். பெரியவர் சிரித்தபடி, "என்ன, எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டார்.

மூன்று வாரம் என் ரசத்தை ஆறவைத்த மனுஷர் வாயைத் திறந்து, "அழகான வண்டி. வீட்டில் பேசிட்டுச் சொல்றோம்" என்றார். அப்பாவும் பலமாகத் தலையாட்டினார்.

திரும்பி வரும்போது நான்தான் கேட்டேன், ஏன் சொல்லவில்லை, அடுத்து வருகிறவன் சொல்லத்தானே போகிறான் என்று. "சொல்லட்டும். அந்த மனுஷன் முப்பது வருஷத்துக்கு மேல அதை ஜிடிஓன்னு ஓட்டியிருக்காரு, நம்ம வாயால வேண்டாம்" என்றார் அப்பா. வில்லங்கப் பத்திரத்தைக் கட்சிக்காரர் மூஞ்சிமேலேயே வீசுகிறவர் இவர்.

இன்று காலை பார்த்தால் இரண்டு பேரும் ஒரே லேப்டாப் முன்னால். அந்த நம்பரைப் போட்டு மூலப்பத்திரத்துக்குப் பணம் கட்டியாகிவிட்டது. லெமான்ஸானாலும் சத்தம் நல்ல சத்தமாம், லெமான்ஸ் விலைக்குக் கேட்கலாமாம், கிட்டத்தட்டப் பாதிதான் வருமாம். நாற்காலியைப் பெரியவரிடமே கொடுத்துவிட வேண்டும் என்பதுவரை பேசி முடித்திருக்கிறார்கள்.

சரி, அது ஜிடிஓ இல்லை என்று அவரிடம் யார் சொல்வது என்றேன்.

இரண்டு பேரும் என்னையே பார்க்கிறார்கள்.