நிர்மல்ஜித் சிங் சேகோன்

1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் விமானதளத்தின் மீது பாகிஸ்தானின் ஆறு சேபர் ரகப் போர் விமானங்கள் குண்டுவீசியபோது, ஓடுபாதையில் குண்டுகள் விழுந்து வெடித்துக்கொண்டிருக்கும்போதே தம் சிறிய நாட் ரகப் போர் விமானத்தை மேலே எழுப்பியவர் இந்திய விமானப்படையின் ஃபிளையிங் ஆபீசர் நிர்மல்ஜித் சிங் சேகோன். எழும் நேரத்தில் ஒரு போர் விமானத்துக்குப் போதிய உயரமோ வேகமோ இருப்பதில்லை. தாக்குபவருக்கு அதைவிட எளிய இலக்கு வேறில்லை. அது தெரிந்தே கிளம்பினார் என்பதைத்தான் நான் மீண்டும் மீண்டும் நினைத்துப் பார்க்கிறேன்.

மர உச்சிகளை ஒட்டிய தாழ்வான உயரத்தில், ஒருவருக்கு நால்வர் என்ற நிலையில் நடந்த அந்தச் சண்டையில், ஒரு சேபரைச் சுட்டுத் தாக்கி, இன்னொன்றைத் தீப்பற்ற வைத்த பிறகே அவருடைய விமானம் வீழ்த்தப்பட்டது. லூதியானா மாவட்டத்துக்காரர், தந்தையும் விமானப்படையில் பணியாற்றியவர். திருமணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. மலையிடுக்கில் விமானத்தின் சிதைவுகள் கிடைத்தன. உடல் கிடைக்கவே இல்லை. அந்தக் குடும்பத்தின் துயரத்தை எந்த விருதும் ஈடுசெய்யாது.

இந்திய விமானப்படையில், நாட்டின் மிக உயரிய போர்க்கால வீர விருதான பரம் வீர் சக்ரா பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவரே. 2023-இல் அந்தமானில் ஒரு தீவுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. நம் பாடப்புத்தகங்களிலும் அப்பெயர் இடம்பெற வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.